பாதரசம் நிற்கும் வரை

விடிந்து எழுந்தபோது அல்போன்சால் வாயைத் திறக்க முடியவில்லை.

மேலுதடு வீங்கி மூக்கைத் தொடப் பார்த்தது. ஈறு முழுக்கப் பழுத்த தக்காளியாட்டம் கிடந்தது. எச்சில் விழுங்கினாலும் எரிந்தது.

இன்றைக்குத்தான் தருமபுரியில் அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவுக்குப் பட்டாளத்து டாக்டர் வருகிறார். இன்றைக்குத் தவறினால் இந்தத் தடவைக்கு அவ்வளவுதான். இருபது வயது அல்போன்சுக்கு அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்பதை யாரும் சொல்ல முடியாது.

ஆகாயப் படையில் விமானம் ஓட்டும் அதிகாரியாகச் சேர அவன் எழுதிப் போட்டதும், அன்றிலிருந்து அவன் அப்பா சவரியப்பன் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டதும், போன மாதம் மதராசில் மூன்று அதிகாரிகள் அவனைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டு, 'சரி, உடம்பைக் காட்டிவிட்டு வா' என்று அனுப்பியதும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மதராசில் நடந்த ஒன்றை மட்டும் அவன் அக்கா தெரசாவிடம்தான் சொல்லியிருந்தான். எழுந்து வரும் நேரத்தில் ஓர் அதிகாரி, "வெற்றிலை நிறையப் போடுவாயோ? பல்லெல்லாம் காவியாக இருக்கிறதே" என்று கேட்டுவிட்டார்.

அவன் வாழ்நாளில் வெற்றிலை போட்டவன் இல்லை. இண்டூருக்கு மேற்கே அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லாருக்கும் பல் அப்படித்தான். பால் பல் வெள்ளையாக முளைக்கும். அது விழுந்து முளைக்கிற பல்லில் பழுப்புக் கோடு ஓடும். ஊரில் அதை ஒரு குறையென்று யாரும் நினைத்ததில்லை. எல்லாருக்கும் இருப்பது எப்படிக் குறையாகும்?

தெரசா ஊர்க் கோயிலில் சனிக்கிழமைதோறும் பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை விளக்குகிறவள். புளியும் செங்கல் பொடியும் போட்டு அவள் தேய்த்தால் தங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் தம்பியை உட்கார வைத்துக்கொண்டாள்.

"பித்தளையே பளபளன்னு ஆவுது, பல்லு என்னடா பெருசு? ஆ காட்டு."

காட்டினான். அரை மணி நேரம் தேய்த்தாள். கறை போகவில்லை. தோல்தான் போயிற்று.

இப்போது அம்மா சாலம்மாள் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே மகளைத் திட்டினாள்.

"பல்லு வெளக்குடின்னா பாத்திரம் வெளக்கி வெச்சிருக்கா. ஏண்டி, அப்படியே கவுத்து வெயில்ல காய வெச்சிருக்கறதுதானே?"

"நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன்."

"நல்லா இருக்குது உன் நல்லது. ஏரோப்ளேன் ஓட்டப் போறவன் மூஞ்சியப் பாரு, தேனீ கொட்டின கொரங்காட்டம்."

அல்போன்ஸ் சிரிக்கப் போய், வலியில் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசலில் சவரியப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் காதில் விழுந்தது. மகனுக்கு இருபத்தொன்று ஆகாததால் தகப்பன் கூட வர வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் கிளம்பினார். மற்றபடி அவருக்கு இதில் ஒரு துளியும் சம்மதம் இல்லை.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய சின்ன ரயில் பாதையில் கேங்கு வேலை பார்த்தவர் அவர். உலகச் சண்டை வந்தது. பட்டாளத்துக்குத் தண்டவாள இரும்பு வேண்டும் என்றார்கள். வருஷக்கணக்காகக் கட்டை மாற்றி, ஜல்லி இடித்துக் காப்பாற்றிய அதே ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி அதே பாதையைப் பிடுங்கச் சொன்னார்கள். சவரியப்பனும் பிடுங்கினார். வேறு என்ன செய்வது, வயிறு இருக்கிறதே.

"இரும்பக் கேட்டான், என் கையால பேத்துக் குடுத்தேன். புள்ளயக் குடுக்க மாட்டேன்." மகன் எழுதிப் போட்ட அன்றைக்கு அவர் சொன்னது அது. அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அவங்கிட்ட ஒரு வார்த்த ஆறுதலா சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் சாலம்மாள்.

"தெரசா," என்றார் அவர், "பஸ்ஸுக்கு நேரமாவுது. அவன கெளம்பச் சொல்லு."

"நானும் வரேங்கப்பா. நான் பண்ண வேல. என்ன ஆவுதுன்னு பாக்கணும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரி போட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கிளீனர் பையன் அடுப்பு ஊதும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போனான். மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடந்தார்கள். கரிப்புகை உள்ளே வந்தபோது எல்லாரும் இருமினார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சவரியப்பன் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார்.

முசாபரி பங்களாவின் புளியமரத்தடியில் கூட்டம் இருந்தது. பெரும்பாலும் சிப்பாய் வேலைக்கு வந்தவர்கள். விமானத்துக்கு வந்தவன் அல்போன்ஸ் ஒருத்தன்தான். அது எப்படியோ தெரிந்துபோய் எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பொன்னன் என்பவன் கேட்டான்.

"ஏஞ்சாமி, உங்களுக்கு உள்ள போனதும் ஏரோப்ளேனக் குடுத்துடுவாங்களா?"

வீங்கின உதட்டை வைத்துக்கொண்டு அல்போன்ஸ் மெதுவாகச் சொன்னான். "எங்க குடுக்கறாங்க. இன்னிக்கு உடம்பு பாப்பாங்க. தேறினா பெங்களூருல இன்னொரு தடவ. அப்புறம் லாகூரு. அங்க ஏரோப்ளேனக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. கணக்கு, வரைபடம், தந்தி அடிக்கறது, வரிசையா நடக்கற கவாத்து. அதுல தேறினாத்தான் ஐதராபாத்துப் பக்கம் பேகம்பேட்டையில ரெண்டடுக்கு றெக்க வெச்ச சின்ன வண்டி. வாத்தியாரு கூடவே உக்காந்து சொல்லித் தருவாரு. தனியா ஓட்டிக் காட்டணும். அப்புறம் அம்பாலாவுல பெரிய வண்டி. அதையும் முடிச்சாத்தான் சட்டையில றெக்க குத்தி, ஆபீசருன்னு சொல்லுவாங்க."

"நடுவுல தவறிட்டா?"

"வேற வேலைக்கு மாத்துவாங்க. இல்லன்னா வூட்டுக்கு."

பொன்னன் யோசித்தான். "எங்களுக்குப் பரவால்ல சாமி. துப்பாக்கியக் குடுத்துச் சுடுன்னுடுவாங்க." சிரித்தான். மலைச் சுனைத் தண்ணீர் குடித்த பல், அரிசி மாதிரி வெள்ளை.

தெரசா தம்பியின் காதில் சொன்னாள். "அவன் பல்லப் பாருடா. செங்கல்லயே பாத்திருக்க மாட்டான்."

சற்றுத் தள்ளி மரத்தில் சாய்ந்திருந்த சவரியப்பன், லாகூர் என்றும் அம்பாலா என்றும் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு ஊருக்கும் மகன் இன்னும் கொஞ்சம் தூரம் போய்க்கொண்டிருந்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். கேப்டன் உடுப்பு, சிடுசிடுத்த முகம், கன்னடம் கலந்த தமிழ். கண்ணைப் பார்த்தார். வண்ண நூல்களைக் கொட்டிப் பச்சையை எடு, சிவப்பை எடு என்றார். காதில் கிசுகிசுத்தார். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். எல்லாம் சரியாகப் போயிற்று.

கடைசியில் ஆர்டர்லி ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே பாதரசம். ஒரு முனையில் ரப்பர் குழாய், அதன் நுனியில் வாயில் வைக்க ஒரு கண்ணாடித் துண்டு.

"ஊது. இந்தக் கோடு வரைக்கும் பாதரசம் ஏறணும். ஏறினதும் அங்கேயே நிக்கணும். மூச்சு விடக் கூடாது. மேலே போனா காத்து இருக்காதப்பா. உன் நெஞ்சு தாங்குதான்னு இது சொல்லும்."

அல்போன்ஸ் ஊதினான். வீங்கின உதடு மூடவில்லை. காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போயிற்று. பாதரசம் பாதி ஏறி விழுந்தது.

"மறுபடி."

மறுபடியும் விழுந்தது.

"ஏனப்பா, இவ்வளவுதானா? இன்னும் ஒரு தடவை. அப்புறம் இல்லை."

அல்போன்ஸ் அந்தக் கண்ணாடித் துண்டை உதட்டால் பிடிக்கவில்லை. உள்ளே தள்ளி, புண்ணான ஈறு அழுந்தப் பல்லால் இறுக்கிக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. ஊதினான். பாதரசம் கோட்டைத் தொட்டது. நின்றது. ஆர்டர்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பி இரண்டாகத் தெரிந்தது. காதுக்குள் யாரோ தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடித்தார்கள். பாதரசம் நடுங்கிற்று. ஆனால் நின்றது.

"போதும், போதும்" என்றார் டாக்டர். முகத்தில் சிடுசிடுப்புக் குறைந்திருந்தது. "நல்ல நெஞ்சு."

அல்போன்ஸ் வாயை எடுத்தான். கண்ணாடித் துண்டு நிறைய இரத்தம். முகவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எத்தனை நாளா இரத்தம் வருது?"

"நெஞ்சிலருந்து இல்லீங்க சார். பல்லு... செங்கப் பொடி போட்டு வெளக்கினோம்."

"செங்கல்லா? பல்லுக்கா?" அவர் நம்பவில்லை. "காசநோய்க்காரன் எல்லாரும் எங்கிட்ட இதைத்தான் சொல்றான். பல்லு, மூக்கு, சூடு. ஒருத்தனாவது நெஞ்சுன்னு சொன்னதில்லை. கூட யார் வந்திருக்கா?"

சவரியப்பன் உள்ளே வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மகன் சட்டையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார்.

"நீங்க அப்பாவா? உண்மையச் சொல்லணும். வீட்டில இவனுக்கு இருமல் உண்டா? இரத்தம் துப்புறானா? உண்டுன்னா இப்பவே எழுதி முடிச்சிடுவேன். இவனுக்கும் நல்லது, படைக்கும் நல்லது."

சவரியப்பன் தலைப்பாகையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

ஒன்றும் சொல்லக்கூட வேண்டாம். தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். பையன் சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவான். லாகூர் இல்லை, அம்பாலா இல்லை. மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைக்கும். ராத்திரி சோற்றுக்குப் பக்கத்தில் உட்காருவான். ஒரு மாதமாகச் சவரியப்பன் கோயிலில் முட்டி போட்டுக் கேட்டது இதைத்தான். இதோ கேட்டது கையில் வந்து நிற்கிறது.

அல்போன்ஸ் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பாதரசக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று பயந்தான் போலிருக்கிறது.

"இல்லீங்க" என்றார் சவரியப்பன்.

"என்ன இல்லை?"

"இருமல் இல்லீங்க. இந்தப் புள்ளைக்குப் பொறந்ததுல இருந்து சளிகூடப் புடிச்சதில்லீங்க. பல்லுதாங்க. எங்கூரு தண்ணிக்குப் பல்லு இப்படித்தாங்க ஆவும். பாருங்க." அவர் வாயை அகலத் திறந்து காட்டினார். மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாவற்றிலும் அதே பழுப்புக் கோடு. "இவன் படிச்சவங்க. நாலு பேரு பாக்கற எடத்துக்குப் போறோம்னு வெக்கப்பட்டுட்டான். எம்பொண்ணு வெளியத்தான் நிக்குது. அதான் வெளக்கினது. கூப்புடட்டுங்களா?"

தெரசா வந்தாள். கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டாள்.

"ஐயா, கோயிலு மெழுகுவர்த்தித் தண்டு வெளக்கறாப்பல வெளக்கிட்டேங்க. என் தம்பி மேல தப்பில்லீங்க."

"எதைப் போட்டு?"

"புளியும் செங்கப் பொடியுங்க."

டாக்டர் அவளையும் வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு அல்போன்சின் உதட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, ஈறில் அங்கங்கே சிக்கியிருந்த சிவப்புத் தூளைப் பஞ்சால் எடுத்துப் பார்த்தார். முதுகில் காதுக்குழாயை வைத்து மூச்சு விடச் சொன்னார். விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போனார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அம்மா, இது தண்ணியில இருக்கிற உப்பு. நெல்லூர்ப் பக்கம் இதே பல்லைப் பார்த்திருக்கேன். பல்லுக்குள்ளேயே ஊறினது. நீ கருங்கல்லை வெச்சுத் தேய்ச்சாலும் போகாது." அல்போன்ஸ் பக்கம் திரும்பினார். "ஆகாயத்தில பல்லைக் காட்டிக்கிட்டா பறக்கப் போறே? நெஞ்சு சுத்தமா இருக்கு. இருந்தாலும் இரத்தத்தைப் பார்த்தாச்சு, எக்ஸ்ரே படம் இல்லாம நான் விட முடியாது. புதன்கிழமை சேலம் பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துக்கோ. படம் சரியா இருந்தா, ஈறு ஆறினதும் நேரா பெங்களூர். அங்கே மறுபடியும் ஊதணும். உதட்டை மூடி ஊது."

"ஆவட்டுங்க சார்!" அல்போன்சுக்கு வலி மறந்துபோயிற்று.

மூவரும் வாசலுக்குத் திரும்பினார்கள். அப்போது சவரியப்பனுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

"நீங்க இருங்க" என்றார் டாக்டர். "பிள்ளைங்க வெளியே நிக்கட்டும்."

சட்டையைக் கழற்றச் சொன்னார். இந்தத் தடவை காதுக்குழாய் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது.

"இது எத்தனை நாளா?"

"தண்டவாளம் பிடுங்கின வேலையிலருந்துங்க. தூசி."

"தூசியாவும் இருக்கும். நான் இப்பவே ஒண்ணும் சொல்லலை. ஆனா நீங்களும் அதே புதன்கிழமை படம் எடுக்கணும். வீட்டில ஒருத்தருக்கு நோய்னு தெரிஞ்சா, பையனை ஆறு மாசம் நிறுத்தி வெச்சுப் பார்ப்பாங்க."

சவரியப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். ஒரு பொத்தான் மாறிப் போயிற்று.

"நான் வேற எடத்துல போயி இருந்துக்கிட்டா அவன விட்டுருவாங்களாங்க? மொரப்பூருல எங்கூட கேங்குல இருந்தவன் வூடு இருக்குதுங்க. சுவரோரமா படுத்துக்குவேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால் மகனை ஒரு சொல்லில் வீட்டுக்குத் திருப்பிவிட ஆசை இருந்தும் அந்தச் சொல்லைச் சொல்லாத மனிதர் இவர் என்று அந்த டாக்டருக்குத் தெரியாது.

"முதல்ல படம் எடுங்க" என்றார் மெதுவாக. "பாதிப் பேருக்குத் தூசிதான் இருக்கும்."

வெளியே பொன்னன் குதித்துக்கொண்டிருந்தான். அவனை எடுத்துக்கொண்டார்களாம். "சாமி, நான் கீழ இருந்து கைய ஆட்டறேன், நீங்க மேல இருந்து பாருங்க" என்று அல்போன்சின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"உள்ள என்னங்கப்பா சொன்னாரு?" என்று தெரசா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சேலத்து ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாரு." பிறகு சவரியப்பன் மகனைப் பார்த்தார். நேராக, அவன் முகத்தைப் பார்த்து, எழுதிப் போட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சொன்னார்.

"அல்போன்சு, புதன்கிழம நானும் வரேன்டா."

அல்போன்ஸ் திரும்பி அவரைப் பார்த்தான். "நீங்க எதுக்குங்கப்பா அவ்வளவு தூரம்?"

"வரேன்."

சாயங்கால பஸ் பாதி காலியாக இருந்தது. அக்காவும் தம்பியும் முன்னால் உட்கார்ந்தார்கள். அல்போன்ஸ் ஓயாமல் பேசினான். பாதரசம் எப்படி ஏறியது, எப்படி நடுங்கியது, பெங்களூரில் எப்படி ஊதப் போகிறான் என்று. வீங்கின உதட்டில் பாதிச் சொல் புரியவில்லை. தெரசா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

பஸ் கிளம்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பெஞ்சில் அப்பா இல்லை. கடைசி வரிசையில், ஜன்னலோரம், தனியாக இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் கரியடுப்புக் கனன்றுகொண்டிருந்தது.

"அப்பா, ஏன் அங்க போயிட்டீங்க? அடுப்புச் சூடு அடிக்குமே. இங்க எடம் இருக்குது, வாங்க."

"இங்க நல்லா காத்து வருதும்மா" என்றார் அவர். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "நீங்க பேசுங்க."

தெரசா முன்பக்கம் திரும்பவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் மேட்டில் முனகி ஏறியது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சவரியப்பன் கேட்டார்.

"ஏண்டா, அந்த ரெண்டு றெக்க வண்டியில வாத்தியாரு முன்னால உக்காருவாரா, பின்னாலயா?"

"முன்னாலங்கப்பா! நான் பின்னால!"

"தனியா ஓட்டறப்போ?"

"முன்னால யாரும் இருக்க மாட்டாங்க!"

சவரியப்பன் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பி இருமினார். இருமி முடித்துவிட்டு, "அப்ப போற பாத நல்லா தெரியும்" என்றார். "சரி, அப்புறம் என்ன சொல்லித் தருவாங்க? சத்தமா சொல்லு."